மூலவர் இல்லாத ஊர்வலம்: லெனர்ட் ஸ்கினர்ட் கச்சேரிக்குப் போகலாமா?

பழையகேசட்

அமெரிக்காவில், வட கரோலைனாவின் சார்லட் பக்கம் இருக்கிறேன். அடுத்த மாதம் இங்கே ஒரு திறந்தவெளி அரங்குக்கு லெனர்ட் ஸ்கினர்ட் என்கிற பழைய அமெரிக்கத் தெற்கத்தி ராக் குழு வருகிறார்கள். அலுவலக நண்பர் ஒருவர் மிச்சமிருக்கும் டிக்கெட்டை என் தலையில் கட்டப் பார்க்கிறார். பாட்டெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். உதைப்பது ஆட்கள் விஷயம்தான்.

1973-இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையை நினைவிருக்கிறதா? ஜார்ஜியாவில் ஜோன்ஸ்பரோ என்கிற சின்ன ஊரின் கடைத்தெரு. நீள முடியோடு ஏழு பேர். அந்த ஏழு பேரில் இன்று ஒருவர்கூட உயிரோடு இல்லை. கடைசியாக மிஞ்சியிருந்த கிட்டார்காரர் கேரி ராஸிங்டனும் 2023 மார்ச் 5 அன்று போய்விட்டார். ஆனால் டூர் நிற்கவில்லை. அதே வருடக் கோடையில் ஸீஸீ டாப் குழுவுடன் சேர்ந்து ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள்.

மூலவரே இல்லாமல் உற்சவர் மட்டும் வீதி உலா வருகிற மாதிரி இருக்கிறது. போகலாமா, வேண்டாமா?

தெருமுனை

வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள். 1976 ஜூலையில் அட்லாண்டா ஃபாக்ஸ் தியேட்டரில் பதிவான கச்சேரி ஆல்பத்தைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் ஸ்கினர்ட். இப்போது வருவது பலகை மட்டும் பழசாக இருக்கிற ஓட்டல். மாஸ்டர் எப்போதோ மாறிவிட்டார்.

ஸ்லைடு_ரங்கன்

தெருமுனை, அவசரப்படாதீர்கள். ரிக்கி மெட்லாக் இருக்கிறாரே. 1971, 72-இல் மசில் ஷோல்ஸ் ஸ்டூடியோவில் இவர்கள் பதிவு செய்தபோது டிரம்ஸ் வாசித்துச் சில பாடல்களைப் பாடவும் செய்தவர். முதல் ஆல்பத்துக்கு முன்பே விலகி பிளாக்ஃபுட் குழுவை நடத்தினார். 1996-இல் கிட்டாரோடு திரும்பி வந்தார். அட்டைப்படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பாடகர். ரானி வான் ஸான்ட் ஆல்பம் போட்டுப் பாடிய காலம் 1973 முதல் 1977 வரை, வெறும் நாலு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அவர் தம்பி ஜானி 1987-லிருந்து பாடுகிறார். தம்பி பாடிய காலம் அண்ணன் பாடியதைப் போலப் பல மடங்கு. அவரை இன்னமும் 'மாற்று ஆள்' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

தெருமுனை

பாட்டை எழுதியது யார் என்பதுதான் நியாயம்.

மேடைக்கூலி

இந்த விவாதத்தில் எனக்கு ஒரு சின்ன உரிமை உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால் இங்கே படித்துக்கொண்டிருந்தபோது கைச்செலவுக்காக ஒரு அரங்கில் லோக்கல் கூலியாக இரண்டு கோடைகாலம் வேலை பார்த்தேன். எந்த அரங்கு, எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை. ஆனால் பழைய தெற்கத்தி ராக் குழுக்கள் மூன்று நான்கு என் கண் முன்னால் வந்து போயிருக்கின்றன.

காலை எட்டு மணிக்கு லாரிகள் வந்து நிற்கும். லைட், ஒலிபெருக்கி, கேபிள் எல்லாம் சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டிகளில் இறங்கும். கூரையில் தொங்குகிறவை முதலில் மேலே போகும், டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் கடைசியில்தான். நாலு மணிக்கு சவுண்ட் செக். கச்சேரி முடிந்து ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே மேடையின் பின்பக்கத்தை நாங்கள் கழற்ற ஆரம்பித்திருப்போம். இரண்டு மூன்று மணி நேரத்தில் அத்தனையும் லாரிக்குள். அடுத்த ஊருக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போயாக வேண்டும்.

பஸ் ஒரு தனி உலகம். மூன்றடுக்காகப் பன்னிரண்டு படுக்கைகள், ஒவ்வொன்றும் ரயில் பெர்த்தைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு திரை. காலை முன்பக்கம் நீட்டித்தான் படுக்க வேண்டும். டிரைவர் சடன் பிரேக் போட்டால் அடி காலோடு போகட்டும், கழுத்துக்கு வரக்கூடாது என்பதற்காக. பஸ் கழிப்பறையில் 'ஒன்று' மட்டும்தான், 'இரண்டு'க்கு அனுமதி இல்லை. எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் இதற்கு விலக்கு கிடையாது. டிரைவர் ஒரு தடவையில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர் என்பதைப் பாதி முடிவு செய்வது அந்தப் பத்து மணி நேரம்தான்.

ஒரு விஷயம் மட்டும் மறக்கவில்லை. அறுபதை நெருங்கிய ஒரு கிட்டார்காரர். அவர் மைக்குக் கீழே தரையில் பாட்டு வரிசைத் தாளை டேப் போட்டு ஒட்டுவது என் வேலை. தாளின் தலையில் பெரிய எழுத்தில் எங்கள் ஊர்ப் பெயர். எதற்கு என்று கேட்டேன். கூட இருந்த ரோடி (குழுவோடு ஊர் ஊராகப் போகிற மேடை ஆள்) சிரித்தார். "வணக்கம் சொல்லும்போது நேற்றைய ஊர்ப் பெயரைச் சொல்லிவிடக் கூடாது இல்லையா, அதற்குத்தான்" என்றார்.

பழையகேசட்

மேடைக்கூலி அண்ணே, இதற்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை. வருடம் முழுக்க இப்படியேவா ஓடுகிறார்கள்?

மேடைக்கூலி

இல்லை தம்பி. வயதான குழுக்களுக்கு ஒரு பருவக் கணக்கு உண்டு. கோடையில் பாதிக் கூரை, பாதிப் புல்தரை உள்ள அரங்குகள். இந்தத் தொழிலில் அவற்றை 'ஷெட்' என்பார்கள். கோடைக் கடைசியில் கவுண்டி ஃபேர், அதாவது மாட்டுக் கண்காட்சி, ராட்டினம், பொரித்த தின்பண்டம் எல்லாம் இருக்கிற மாவட்டப் பொருட்காட்சி. அங்கே பெரும்பாலும் ஃபேர் நடத்துகிறவர்களே ஒரு தொகையைப் பேசி முடித்துவிடுவார்கள். டிக்கெட் விற்றதா இல்லையா என்ற கவலை குழுவுக்குக் கிடையாது. குளிர்காலத்தில் சூதாட்ட விடுதிகளின் உள்ளரங்கு. நடுவில் கப்பல் பயணம்: ரசிகர்களைக் கப்பலில் ஏற்றி நாலு நாள் கடலில் சுற்றிக்கொண்டே கச்சேரி. ஸ்கினர்டும் அப்படி நடத்தியிருக்கிறார்கள்.

பலர் வியாழன் கிளம்பி ஞாயிறு வீடு திரும்புகிறார்கள். முழங்காலும் முதுகும் அதற்கு மேல் தாங்காது. காதும்தான். ரானியின் இன்னொரு தம்பி டானி, .38 ஸ்பெஷல் குழுவைத் தொடங்கியவர், 2013-இல் ஓய்வு பெற்றதே உட்காது நரம்பு கெட்டதால். நாற்பது வருடம் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நின்றதற்குக் கூலி.

தெருமுனை

சரி, கேட்கச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வது ஒரு லாரி சர்வீஸின் கதை. கலையின் கதை எங்கே?

ஸ்லைடு_ரங்கன்

ஸ்கினர்டில் இரண்டையும் பிரிக்க முடியாது, தெருமுனை. அவர்களை உண்டாக்கியதும் உடைத்ததும் ரோடுதான்.

1973 நவம்பரில் தி ஹூ குழுவின் அமெரிக்க டூரில் அவர்களுக்கு முன்னால் வாசிக்கிற குழுவாக ஏறினார்கள். முதல் இரவு சான் பிரான்சிஸ்கோ கவ் பேலஸ். அன்றைக்குத்தான் ஹூவின் டிரம்மர் கீத் மூன் மேடையிலேயே மயங்கிச் சரிந்து, கூட்டத்திலிருந்து ஒரு பையனை ஏற்றி வாசிக்கவைத்தார்கள். ஃபுளோரிடாவின் ஜாக்ஸன்வில்லிலிருந்து வந்த ஸ்கினர்ட் பையன்கள் பெரிய மேடை என்றால் என்ன என்று பார்த்தது அங்கேதான். நல்லதையும் பார்த்தார்கள், கெட்டதையும் பார்த்தார்கள்.

1975 டூருக்கு அவர்களே வைத்த பெயர் 'சித்திரவதை டூர்'. மூன்று மாதத்தில் அறுபதுக்கும் மேல் கச்சேரிகள். குடி, அடிதடி, லாக்கப். ஒரு ராத்திரி ரானியோடு, குழுவின் கிட்டார்காரர் எட் கிங்கின் ரோடியும் போலீஸில் மாட்டிக்கொண்டார். அதனால் மறுநாள் பிட்ஸ்பர்க் கச்சேரிக்குப் புதுக் கம்பி மாற்ற ஆள் இல்லை. பழைய கம்பி, மேடையிலேயே இரண்டு அறுந்தது. அதற்கு ரானி எட் கிங்கைத் திட்டினார். எட் கிங் எதுவும் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 'ஸ்வீட் ஹோம் அலபாமா' பாட்டின் அந்தத் தொடக்க கிட்டார் வரியைக் கண்டுபிடித்த ஆள் அவர். இரண்டு கம்பி அறுந்ததில் போனார்.

மேக்கன்_மீனா

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நான் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் எட்டு வருடமாக இருக்கிறேன். இன்னொரு தெற்கத்தி ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் சேர்ந்து குடியிருந்த 'பிக் ஹவுஸ்' இப்போது அருங்காட்சியகம், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முன்பே சொல்லிவிடுகிறேன்.

டூர் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மேடையில் நிற்கிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். ஆல்மன் குழுவின் ஃபில்மோர் ஈஸ்ட் ஆல்பம் (1971 மார்ச்சில் பதிவானது) கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். முன் அட்டையில் கறுப்புப் பெட்டிகளுக்கு முன்னால் குழு உட்கார்ந்திருக்கும். பின் அட்டையில் அதே பெட்டிகளுக்கு முன்னால் ரோடிகள், கையில் பீர் டின். பெட்டி தூக்குகிறவர்களுக்கு முழு அட்டை கொடுத்த குழு வேறு எது?

ஆனால் அந்த வாழ்க்கையைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். 1970-இல் அவர்கள் வருடத்தில் முந்நூறு நாள் ரோட்டில் இருந்தார்கள், முதலில் ஒரு வேன், பிறகு ஒரு வின்னபேகோ (படுக்கை வசதியுள்ள வண்டி). அந்த வருடம் பஃபலோ நகரில் கிளப் முதலாளியோடு சம்பளத் தகராறு வந்து, டூர் மேனேஜர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். இப்படி ஒரு குழுவோடு ஓயாமல் அலைந்ததே அவர் மனநிலையைக் குலைத்துவிட்டது என்றுதான் வக்கீல் வாதாடினார். நீதிமன்றம் அவரை மனநிலை காரணம் காட்டி விடுவித்தது.

பழையகேசட்

ஐயோ. இது எனக்குத் தெரியாது.

ஸ்லைடு_ரங்கன்

ஸ்கினர்டின் விமான விபத்தும் என் கணக்கில் டூர் நிர்வாகத்தின் கதைதான். விதி, சாபம் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

1977 அக்டோபர் 17 புது ஆல்பம் வெளியானது. மூன்றாம் நாள், அக்டோபர் 20, தென் கரோலைனாவின் கிரீன்வில்லிலிருந்து லூசியானாவின் பேட்டன் ரூஜுக்கு ஒரு பழைய கான்வேர் வாடகை விமானம். ஏரோஸ்மித் குழுவின் ஆட்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய விமானம் அது. கிரீன்வில்லுக்கு வரும்போதே வலது எஞ்சினிலிருந்து நெருப்பு பறந்ததைப் பார்த்திருக்கிறார்கள். பின்பாட்டுப் பாடகி கேஸி கெயின்ஸ், சாமான் லாரியில் வருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். இந்த ஒரு தடவை இதிலேயே போவோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு. மிசிசிப்பி மாநிலத்தில் கில்ஸ்பர்க் அருகே காட்டில் விழுந்தது. இருபத்தாறு பேரில் ஆறு பேர் இறந்தார்கள்: ரானி, கிட்டார்காரர் ஸ்டீவ் கெயின்ஸ், அவர் அக்கா கேஸி, துணை மேனேஜர் டீன் கில்பாட்ரிக், விமானிகள் இருவர்.

விசாரணையில் வந்த காரணம் பெட்ரோல் தீர்ந்தது. எஞ்சின் கோளாறால் வழக்கத்தைவிட அதிகம் குடித்திருக்கிறது, விமானிகள் கவனிக்கவில்லை. இதில் சாபம் எங்கே இருக்கிறது?

மேடைக்கூலி

ரங்கன் சொல்வது நூற்றுக்கு நூறு. 'இந்த ஒரு தடவை' என்பதுதான் இந்தத் தொழிலில் ஆளைக் கொல்லும் சொல்.

தெருமுனை

சரி, இதை மறுக்கவில்லை. ஆனால் என் கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது. பிழைத்தவர்களே இனி அந்தப் பெயரை எடுக்கமாட்டோம் என்று பேசிவைத்தார்கள். பத்தே வருடத்தில் 1987-இல் எடுத்தார்கள். ரானியின் மனைவி கோர்ட்டுக்குப் போனார். பழையவர்கள் இத்தனை பேர் மேடையில் இருந்தால்தான் பெயர் என்று நிபந்தனையோடு ஒப்பந்தம் ஆனது. பழையவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக... நான் முடிக்கத் தேவையில்லை.

ஸ்லைடு_ரங்கன்

1987 டூரை நான் இழிவாகப் பேசமாட்டேன். அவர்களுடைய பெரிய பாட்டான ஃப்ரீ பேர்ட் வரும்போது ஜானி பாடமாட்டார். மைக் ஸ்டாண்டில் ரானியின் தொப்பி மட்டும், அதன்மேல் ஒரு விளக்கு. குழு வாசிக்கும், கூட்டம் பாடும். பழைய கிட்டார்காரர் ஆலன் காலின்ஸ் அதற்கு முந்தைய வருடம் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, கூட இருந்த பெண் இறந்து, இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அந்த டூரில் சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்து, தன்னால் ஏன் வாசிக்க முடியவில்லை என்று ஒவ்வொரு ஊரிலும் சொன்னார். தண்டனையின் ஒரு பகுதி அது. காசுக்காக மட்டும் நடந்தது என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேக்கன்_மீனா

என் மனசில் இருக்கிறதைச் சொல்கிறேன். ஆள் போனாலும் ஸ்கினர்ட் ஓடுவதற்குக் காரணம் அவர்கள் இசை கட்டப்பட்ட விதம். கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸில் ஒரு தகரக் கொட்டகை, ஃபுளோரிடா வெயில். 'நரக வீடு' என்றே பெயர். அங்கே நாள் முழுக்க அடித்து அடித்து ஒவ்வொரு ஸோலோவையும் ஸ்வரம் ஸ்வரமாக முடிவு செய்து வைத்தார்கள். மூன்று கிட்டார் இருந்தும் ஒன்றோடொன்று முட்டாததற்கு அதுதான் காரணம். மேடையிலும் அப்படியே வாசித்தார்கள். இப்படி எழுதி முடித்த கிருதி மாதிரி இருந்தால், நன்றாகப் பாடம் பண்ணினவர் யாரும் வாசிக்கலாம்.

ஆல்மன் குழு அப்படி இல்லை. அது ராகம் விரிக்கிற மாதிரி, அன்றைக்கு வந்தது அன்றைக்கு. அதன் கிட்டார்காரர் டுவேன் ஆல்மன் 1971 அக்டோபரில் பைக் விபத்தில் போனபோது அந்தக் கற்பனை அவரோடு போய்விட்டது.

தெருமுனை

அக்கா, உங்கள் வாதம் உங்களையே கவிழ்க்கிறதே. டுவேன் போன பிறகு ஆல்மன் குழு இடைவெளி விட்டு விட்டு 2014 வரை ஓடியது. கிட்டாருக்கு வாரன் ஹேன்ஸ் வந்தார், டெரிக் டிரக்ஸ் வந்தார். வருடாவருடம் நியூயார்க் பீக்கன் தியேட்டரில் டேரா போட்டு வாசித்தார்கள். கற்பனைக் கச்சேரிக்கும் மாற்று ஆள் கிடைத்தாரே?

மேக்கன்_மீனா

கிடைத்தார்கள். ஆனால் அவர்கள் டுவேனைப் போல வாசிக்க வரவில்லை, அவரவர் வாசிப்பை வாசிக்க வந்தார்கள். அதனால்தான் அவர்கள் இருவரும் விலகுகிறோம் என்றதும் கடையைச் சாத்த வேண்டியதாயிற்று. 2014 அக்டோபர் 28 பீக்கனில் கடைசிக் கச்சேரி, நள்ளிரவு தாண்டி டுவேனின் நினைவு நாளில் முடிந்தது. கடைசிப் பாட்டு எது தெரியுமா? 1969-இல் முதல் முதலாகச் சேர்ந்து வாசித்துப் பார்த்த அதே பாட்டு. இப்போது முதல் ஆறு பேரில் டிரம்மர் ஜெய்மோ மட்டும் இருக்கிறார். ஆல்மன் பிரதர்ஸ் என்ற பெயரோடு இன்று எந்த பஸ்ஸும் கிளம்புவதில்லை.

உங்கள் கேள்வி நியாயம்தான், கொஞ்சம் திணறினேன். ஒத்துக்கொள்கிறேன்.

புதுவரவு_77

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தக் கொடியைப் பற்றி யாருமே பேசவில்லையே? அடிமை முறைக்காகப் போரிட்ட படையின் கொடியைப் பின்னால் தொங்கவிட்டு வாசித்த குழு இது.

மேக்கன்_மீனா

பேச வேண்டியதுதான். 2012-இல் ராஸிங்டனே கொடியை எடுத்துவிட்டோம் என்று டிவியில் சொன்னார். ரசிகர்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். டூரை நம்பிப் பிழைக்கிற குழு டிக்கெட் வாங்குகிறவனுக்கு எவ்வளவு பயப்படும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆல்மன் குழுவில் ஜெய்மோ கறுப்பினத்தவர். 1969-இல் தெற்கே ஒரே வண்டியில் போய் ஒரே ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்ததே அவர்களுக்குப் பெரிய காரியம். இரண்டையும் ஒரே 'தெற்கத்தி ராக்' மூட்டைக்குள் கட்டும்போது இது காணாமல் போகிறது.

மேடைக்கூலி

இன்னொரு பக்கமும் உண்டு. பஸ் நின்றால் மேடையில் இருக்கிற ஏழெட்டுப் பேருக்கு மட்டும் வேலை போகாது. சவுண்டு, லைட், டிரைவர், சாப்பாடு, டி-ஷர்ட் விற்கிறவர் என்று ஒரு கூட்டமே அந்தப் பெயரை நம்பிப் பிழைக்கிறது. மாலி ஹேட்செட் குழுவைப் பாருங்கள், முதல் ஆல்பத்து ஆட்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், 80-களில் வந்து சேர்ந்த பாபி இங்ரம் அதே பெயரில் நடத்துகிறார். மார்ஷல் டக்கர் பேண்டில் முதலில் இருந்தே மார்ஷல் டக்கர் என்று ஒருவரும் கிடையாது! அது ஒரு பியானோ டியூனரின் பெயர், பயிற்சிக்கு எடுத்த இடத்தின் சாவியில் எழுதியிருந்தது.

தெருமுனை

அது எனக்குப் பிடித்த தகவல், அதற்காக என் ஓட்டை மாற்றமாட்டேன்.

பழையகேசட்

போய்விட்டு வந்துவிட்டேன்.

புல்தரை டிக்கெட். சுற்றிலும் மடக்கு நாற்காலி போட்ட தாத்தாக்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள். கொடி மேடையில் இல்லை, வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு மூன்று பார்த்தேன். பாட்டெல்லாம் ஆல்பத்தில் கேட்டது அச்சு அசலாக. மீனா அக்கா சொன்ன மாதிரி ஒரு ஸ்வரம் பிசகவில்லை. முதல் அரை மணி நேரம் அதுவே எனக்குச் சலிப்பாக இருந்தது. தெருமுனை சொன்னது சரியோ என்று தோன்றியது.

கடைசியில் ஃப்ரீ பேர்ட். பெரிய திரையில் ரானி, வெறுங்காலோடு, பழைய படம். பாதிப் பாட்டை அவர் குரல்தான் பாடியது. ஜானி ஒதுங்கி நின்று அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் ராத்திரி ஒரு ஊரில் இதைச் செய்கிறார் என்று நினைத்ததும் எனக்கு எதுவோ செய்தது. நடிப்பா, பழக்கமா, துக்கமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ரானி உயிரோடு இருந்த வயதைவிட அவர் தம்பிக்கு இப்போது இரண்டு பங்குக்கு மேல் வயது.

வண்டி நெரிசலில் ஒன்றே கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் கறுப்புப் பெட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. நாங்கள் வெளியே வருவதற்குள் முதல் லாரி எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

தெருமுனை

டிக்கெட் காசு தண்டமா இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பழையகேசட்

தண்டம் இல்லை. ஆனால் இன்னொரு தடவை போவேனா என்று கேட்காதீர்கள். மேடைக்கூலி அண்ணே, ஒரு சந்தேகம்: பாடகரும் காலை முன்பக்கம் நீட்டித்தான் படுப்பாரா?

மேடைக்கூலி

அவருக்குப் பின்பக்கம் தனி அறை இருக்கும், தம்பி. அங்கேயும் கால் முன்பக்கம்தான்.